உட்கார்ந்தபடி சறுக்குவோர்: பனிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

நோர்வே, சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில், தண்டுவடப் பாதிப்பால் உடல் செயலிழந்த ஒருவரோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாத ஒருவர், பனி மூடிய மலைச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கும் விளையாட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. நடப்பதற்குக் காலின் வலிமை வேண்டும். சரிவில் இறங்குவதற்கு அது வேண்டியதில்லை. உடலை இழுத்துச் செல்வது புவியீர்ப்பு. சறுக்குபவருக்கு இரண்டு வேலைகள்தாம்: சமநிலை காப்பது, ஸ்கீயின் விளிம்பைப் பனியில் சாய்த்துத் திசையையும் வேகத்தையும் ஆள்வது. நிற்பவர் இவற்றைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகியவற்றால் செய்கிறார். உட்கார்ந்திருப்பவர் மேலுடலாலும் தோளாலும் தலையாலும் கையாலும் செய்கிறார். ஆகவே, ஓட்டத்திலிருந்தோ கால்பந்திலிருந்தோ ஒருவரைப் பிரிக்கும் அளவுக்குச் செயலிழப்பு அவரைப் பனிச்சறுக்கிலிருந்து பிரிப்பதில்லை. சக்கர நாற்காலி ஒரு சாண் பனியிலேயே புதைந்து நின்றுவிடும். அந்த நாற்காலியை விட்டு இறங்கியவர் அதே பனியில், உடன் வருவோரின் வேகத்துக்குச் சமமாகவே இறங்குகிறார். தேர்ந்த போட்டியாளர்கள் நேரிறக்கப் பந்தயத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகின்றனர்.

இந்த நாடுகளில் பனிச்சறுக்கு வசதி படைத்தோரின் உல்லாசம் மட்டும் அன்று. நோர்வேப் பள்ளிகளில் ஸ்கீ நாள் உண்டு. சுவிஸ் பள்ளிகள் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. வகுப்பே மலைக்குப் போகும் நாளில் சக்கர நாற்காலிப் பிள்ளை மட்டும் வீட்டில் தங்கிவிடுவது பல குடும்பங்களில் இயல்பான ஏற்பாடாகிவிட்டது. அது தேவையற்ற இழப்பு. முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. எந்த இருக்கை, எப்படிப்பட்ட பயிற்றுநர், குளிரில் அந்த உடலைக் காப்பது எவ்வாறு என்பவையே மிஞ்சியிருக்கும் கேள்விகள். இம்மடல் அவற்றுக்கானது.

வரலாறு காலிழந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த ஆஸ்திரிய, ஜெர்மானிய வீரர்கள், ஊன்றுகோலின் அடியில் சிறு ஸ்கீயைப் பொருத்தி, எஞ்சிய ஒற்றைக் காலில் சறுக்கப் பழகினர். 1940களின் பிற்பகுதியிலேயே ஆஸ்திரியாவில் அவர்களுக்கான போட்டிகள் நடந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வின்டர் பார்க் மலையில், ஹால் ஓ'லீரி என்ற பயிற்றுநர் 1970இல் டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த 23 பிள்ளைகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்; எல்லாரும் உறுப்பு இழந்தவர்கள். அந்த வகுப்பே பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய விளையாட்டு மையமாக வளர்ந்தது. ஆனால் தண்டுவடம் அறுபட்டவருக்கு ஊன்றுகோல் ஸ்கீயால் பயனில்லை. அவருக்கு உட்காரும் கருவி வேண்டியிருந்தது.

அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அதே நிலையில் இருந்தவர். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் பயின்ற பீட்டர் ஆக்செல்சன், 1975இல் மலையேற்றப் பயிற்சியில் விழுந்து கால்கள் செயலிழந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, 1970களின் இறுதியில் 'அரோயா' என்ற உட்கார் சறுக்கியை வடிவமைத்தார். அது தரையோடு ஒட்டிய கூடு. உள்ளே கால் நீட்டி அமர்ந்து, கையிலுள்ள குட்டைக் கோல்களால் பனியைக் கீறித் திருப்ப வேண்டும். அடுத்த பெரிய பாய்ச்சல் 1980களில் நிகழ்ந்தது. இருக்கையைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் அதிர்வு தாங்கியும் ஒற்றை ஸ்கீயும் வைத்த மோனோஸ்கீ பிறந்தது. முதல் குளிர்கால பாராலிம்பிக் 1976இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் நடந்தபோது உறுப்பு இழந்தோரும் பார்வையற்றோருமே போட்டியிட்டனர். 1988 இன்ஸ்ப்ரூக்கில்தான் உட்கார்ந்து சறுக்குவோருக்கான போட்டிகள் சேர்க்கப்பட்டன. பிரிட்டிஷ் சாகசச் சறுக்கு வீரர் மைக் நெமெஸ்வரி 1985இல் விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்து, மறு ஆண்டே 'பேக் அப்' என்ற அறக்கட்டளையை நிறுவினார். தண்டுவடக் காயம் பட்டவர்களை மீண்டும் பனிக்கு அழைத்துச் செல்வதில்தான் அந்த அமைப்பு தொடங்கியது. இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் காணும் உண்மை இது: கருவியையும் அமைப்பையும் உருவாக்கியவர்களில் பலர் தாமே அவற்றின் தேவையை உடலால் அறிந்தவர்கள்.

மோனோஸ்கீயின் உறுப்புகள் நான்கு: இருக்கைக் கூடு, உலோகச் சட்டகம், அதிர்வு தாங்கி, ஸ்கீ. ஸ்கீ கடையில் எல்லாருக்கும் விற்கும் அதே ஸ்கீதான். சட்டகத்தின் அடியில் ஸ்கீ காலணியின் அடிப்பாகத்தைப் போல் வார்த்த தகடு ஒன்று இருக்கும். அது வழக்கமான பிணைப்பானில் மாட்டிக்கொள்ளும். நின்று சறுக்குபவர் விழும்போது கால் முறியாதிருக்கப் பிணைப்பான் தானே கழன்றுவிடும். மோனோஸ்கீயில் அது கழலாதபடி இறுக்கிவைப்பதே வழக்கம், ஏனெனில் இருக்கும் ஒரே ஸ்கீயும் போய்விட்டால் சறுக்குபவர் கட்டுப்பாடின்றி உருளுவார். அதிர்வு தாங்கி மோட்டார் சைக்கிளிலும் மலைச் சைக்கிளிலும் இருப்பதன் உறவுதான். நிற்பவரின் முழங்கால் மடங்கி நிமிர்ந்து மேடுபள்ளத்தைத் தாங்கும் வேலையை இங்கு அது செய்கிறது. சறுக்குபவரின் எடைக்கேற்ப அதன் விறைப்பைச் சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் அவர் தூக்கி எறியப்படுவார், அல்லது முதுகெலும்பில் அடி இறங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இருக்கைக் கூடு. சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அதற்கும் அளவு பார்க்க வேண்டும். இடுப்புக்கும் கூட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும், உடல் சாயும், ஸ்கீ சாயாது. சறுக்குபவர் திரும்ப முயல்வார், கூடு அவருக்குக் கீழே வெறுமனே நிற்கும். இடைவெளி தெரியாமல், தனக்குத் திறமை போதவில்லை என்று எண்ணி முதல் நாளே கைவிட்டவர்கள் உண்டு. மறுபுறம், கூடு அளவுக்கு மீறி இறுகினால் இடுப்பெலும்பின் மேலுள்ள தோல் நசுங்கும். நல்ல பள்ளிகள் முதல் நாளில் ஒரு மணி நேரத்தைக் கூட்டைப் பொருத்துவதற்கே செலவிடுகின்றன. அடியில் அழுத்தம் பரப்பும் மெத்தை, பக்கவாட்டில் நுரைத்திண்டு, மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் ஆகிய இடங்களில் வார்கள். முதுகுத்தாங்கியின் உயரம் காயத்தின் மட்டத்தைப் பொறுத்தது. வயிற்றுத் தசைகள் இயங்குபவருக்குத் தாழ்ந்த முதுகுத்தாங்கி விடுதலை தருகிறது. மார்பு மட்டத்தில் செயலிழந்தவருக்கு உயரமானது இல்லாமல் நிமிரவே இயலாது. குடும்பத்தார் பொறுமையிழந்து, 'போதும், பனிக்குப் போகலாம்' என்று அவசரப்படுத்தக் கூடாத நேரம் இது.

கையில் பிடிப்பவை அவுட்ரிகர்கள். முழங்கை வரை வரும் ஊன்றுகோலின் முனையில் ஒரு முழத்துக்கும் குறைவான குட்டி ஸ்கீ பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கயிற்றை இழுத்தால் அந்தக் குட்டி ஸ்கீ மேலே மடிந்து, பின்முனையிலுள்ள பற்கள் பனியில் ஊன்றும். அப்போது அது தள்ளுகோல். விட்டால் கிடையாக விரிந்து சறுக்கும். போரில் காலிழந்தவர்கள் கட்டிய ஊன்றுகோல் ஸ்கீயின் நேர் வாரிசு இது. புதியவர்கள் முழு எடையையும் அவுட்ரிகரில் சாய்க்கிறார்கள், பயத்தில் உடலைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். இரண்டும் ஸ்கீயின் விளிம்பைப் பனியிலிருந்து விடுவித்து, கருவியை வழுக்கச் செய்யும். அவுட்ரிகர் பனியைத் தொட்டுணர்வதற்கே. எடை ஸ்கீயின் நடுவில் இருக்க வேண்டும். ஸ்கீயின் இடை குறுகியும் இரு முனைகள் அகன்றும் இருப்பதால், அதைச் சாய்த்ததும் அது தானாகவே வளைகோட்டில் ஓடும். பார்வையும் தோளும் அடுத்த திருப்பத்தை நோக்க, இடுப்பு உட்பக்கம் சாய்ந்தால் திருப்பம் தானே முடிகிறது. வேகத்தைக் குறைக்கவும் இதே வழிதான்: சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, தேவையானால் மேல்நோக்கி வளைத்து நிற்பது.

மோனோஸ்கீ எல்லாருக்கும் ஏற்றதன்று. இடுப்புக்குக் கீழ் அல்லது கீழ் மார்பு மட்டத்தில் செயலிழந்து, கைகள் வலுவாக உள்ளவர்களுக்கே அது முதல் தேர்வு. வயிற்றுத் தசை முற்றிலும் இல்லாதவர்களும் அதை ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் கற்க அதிக நாள் பிடிக்கும். கழுத்து மட்டத்தில் காயமுற்று, விரல்களில் பிடிமானம் குறைந்தவர்களுக்குப் பைஸ்கீ பொருந்தும். அதில் இருக்கைக்கு அடியில் இரண்டு ஸ்கீக்கள் இணைந்தே சாயும்; தரைப்பிடிப்பு அகலமாதலால் எளிதில் கவிழாது. பக்கங்களில் நிலையான அவுட்ரிகர்களைப் பொருத்தினால், தலையையும் தோளையும் சாய்த்தே திரும்பலாம். பின்னால் வரும் பயிற்றுநர் இரண்டு வார்களைப் பிடித்தபடி வேகத்தைக் கட்டுப்படுத்துவார். இந்த வார்களைப் பற்றி ஒரு சொல் தேவை. திறமையான பயிற்றுநர் வாரைத் தளர்த்தியே வைத்திருப்பார். சறுக்குபவரின் சாய்வு திருப்பமாக மாற அவகாசம் தருவார். ஒவ்வொரு திருப்பத்தையும் தாமே இழுத்து முடிக்கும் பயிற்றுநரிடம் பத்து நாள் போனாலும் சறுக்குபவர் வெறும் பயணியாகவே இருப்பார்.

பயணியாக இருக்கவே விரும்புவோரும் உண்டு. அதில் குறையேதும் இல்லை. பிரான்சில் பரவலாக உள்ள இருவர் சறுக்கிகளில் பின்னால் நிற்கும் பயிற்சி பெற்ற ஓட்டுநர் முழுக் கட்டுப்பாட்டையும் வைத்திருக்க, முன்னால் அமர்ந்தவர் காற்றையும் வேகத்தையும் அனுபவிக்கிறார். மூச்சுக்கும் பேச்சுக்கும் மட்டுமே தசை இயங்கும் ஒருவருக்கு அதைத் தாண்டியும் ஒரு வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான டெட்ராஸ்கீயில் மின்னியக்கிகள் இரு ஸ்கீக்களின் கோணத்தையும் மாற்றுகின்றன. கட்டளை தருவது ஒரு சிறு நெம்புகோல், அல்லது வாயில் கவ்விய குழாய். குழாயில் ஊதினால் ஒரு பக்கம், உறிஞ்சினால் மறுபக்கம். பயிற்றுநர் பாதுகாப்புக்காக வாரைப் பிடித்திருந்தாலும், எங்கே திரும்புவது என்பதை முடிவு செய்பவர் கழுத்துக்குக் கீழ் அசையாத அந்த மனிதர். காலை எழுவது முதல் உறங்குவது வரை எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் ஒருவருக்கு, அந்த ஒரு முடிவின் மதிப்பைப் பிறர் அளந்து சொல்லத் தேவையில்லை.

சரிவில் இறங்குவதைவிட மேலே ஏறுவதே புதியவர்களைக் கலங்கவைக்கிறது. தொடக்கச் சரிவுகளில் தரையோடு நகரும் பட்டைப் பாதை இருக்கும், அதில் பயமில்லை. உயரமான சரிவுகளுக்குச் சேர்லிஃப்ட் வேண்டும். ஓடும் நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் வரும்போது நிற்பவர் உட்கார்ந்துவிடுவார். மோனோஸ்கீயில் இருப்பவரோ ஏற்கெனவே தாழ்வாக அமர்ந்திருக்கிறார். ஆகவே ஒரு நெம்புகோலை விடுவித்து இருக்கையை உயர்த்துகிறார். நாற்காலி வரும் கணத்தில் இரு அவுட்ரிகர்களையும் ஊன்றி உடலை எழுப்ப, லிஃப்டின் இருக்கை கூட்டுக்கு அடியில் நுழைகிறது. தேர்ந்தவர் தனியாகவே இதைச் செய்வார். புதியவருக்கு இருபுறமும் இருவர் தூக்கிவிடுவார்கள். லிஃப்ட் இயக்குநரிடம் முன்னரே கையசைத்து வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஏறியதும் பாதுகாப்பு வாரை நாற்காலியில் மாட்ட வேண்டும். இறங்குமிடத்துக்கு முன் அதைக் கழற்றவும் வேண்டும். மறந்தால் கருவி லிஃப்டோடு தொங்கும். லிஃப்ட் பழுதாகி நடுவானில் நின்றால் கயிற்றில் இறக்குவதற்கான பிடிப்பு வளையங்கள் சட்டகத்தில் உள்ளனவா என்பதையும், மீட்புக் குழு அதற்குப் பழகியிருக்கிறதா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. நல்ல பள்ளி இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருக்கும்.

குடும்பத்தார் அஞ்சுவது வேகத்தையும் விழுதலையும். விழுதல் சாதாரணம்: பெரும்பாலும் பக்கவாட்டில், தரைக்கு மிக அருகிலிருந்து. தலைக்கவசமும் கூடும் உடலைக் காக்கின்றன. உண்மையான ஆபத்துகள் சத்தமின்றி வருபவை. உணர்விழந்த உடலின் இயல்பிலிருந்து பிறப்பவை.

முதலாவது தோல். உணர்வுள்ளவர் ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் தன்னையறியாமல் அசைந்து உட்காருவார். உணர்வற்றவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. காற்சட்டையின் தடித்த தையல், பின்பையில் மறந்த சாவி, மடிந்த உள்ளாடை, இவற்றில் ஒன்று போதும். சில மணி நேரத்தில் தொடங்கிய அழுத்தப்புண் ஆற மாதங்கள் ஆகலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். எனவே சறுக்கும் முன்னும் பின்னும் இடுப்பு, வால் எலும்பு, தொடை, குதிகால் ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்தோ பிறர் துணையோடோ பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலும் மறையாத சிவப்பு, புண்ணின் முதற்படி. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. சுற்றிலும் உள்ளதைவிட அடர்ந்த நிறம், வெதுவெதுப்பு, தடிப்பு, கல்போன்ற இறுக்கம் ஆகியவற்றைக் கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். வெளுத்த தோலை வைத்து எழுதிய கையேடுகள் பல இதைப் போதிய அளவு சொல்வதில்லை. தமிழ்க் குடும்பங்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அடையாளம் தெரிந்தால் அது மறையும் வரை சறுக்கல் இல்லை, முன்பதிவுப் பணம் போனாலும்.

இரண்டாவது குளிர். காயத்துக்குக் கீழே உடல் நடுங்கிச் சூடு உண்டாக்காது. இரத்தக் குழாய்கள் தேவைக்கேற்ப ஒழுங்காகச் சுருங்கி விரியா. அசையாத காலில் தசை வெப்பமும் இல்லை. விரல் உறைந்தாலும் வலி தெரியாது. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே சென்று காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்க்க வேண்டும். இறுக்கமான ஸ்கீ காலணி தேவையே இல்லை. தளர்ந்த, கதகதப்பான காலணியும் மேலே காற்றுப் புகாத உறையும் போதும். அதே சமயம், உணர்வற்ற தோலின் மேல் இரசாயனச் சூட்டுப் பொட்டலங்களையோ மின்சூடேற்றியையோ வைக்கக் கூடாது, சுட்டுவிடும். மடியில் வைத்த சூடான தேநீர்க் குவளையும் அவ்வாறே.

மூன்றாவது, மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு வரக்கூடிய திடீர் இரத்த அழுத்த ஏற்றம். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய வடிகுழாய், இறுகிய வார், நசுங்கிய தோல் போன்ற ஏதோ ஒன்று காயத்துக்குக் கீழே உடலைத் தூண்ட, மூளையின் கட்டுப்பாடு அங்கே சென்று சேராததால் இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்வை, புல்லரிப்பு ஆகியன அறிகுறிகள். இது மருத்துவ அவசரம். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, வார்களைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். காரணம் அகலாவிட்டால் மருத்துவ உதவி. கழுத்து மட்டக் காயமுள்ளவரின் வழக்கமான அழுத்தமே தாழ்வானது என்பதால், பிறருக்கு இயல்பான அளவுகூட அவருக்கு ஆபத்தானதாக இருக்கலாம். இதைத் தமிழில் குடும்பத்துக்குள் பேசிவைத்தால் போதாது. பயிற்றுநருக்கு அவர் மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்று சறுக்குபவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

எலும்பும் கவனத்துக்குரியது. எடை தாங்காத கால் எலும்புகள் ஆண்டுகள் செல்லச் செல்ல அடர்த்தி இழக்கின்றன. முழங்காலை ஒட்டிய பகுதிகள் சிறு அடியிலும் முறியலாம்; வலி இராது. வீக்கம், சூடு, வழக்கத்தைவிடக் கூடிய தசை இழுப்பு ஆகியவைதாம் செய்தி சொல்லும். நீண்டகாலமாகச் செயலிழந்திருப்பவர் எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொண்டு வருவது நல்லது. முதுகெலும்பில் உலோகத் தண்டு பொருத்தியவர்கள் அறுவை மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும். கிளம்பும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும். வடிகுழாய் வெளியே தொங்கினால் அதிலுள்ள நீர் உறையும். தோள்களோ ஆயுள் முழுதும் சக்கர நாற்காலியைத் தள்ள வேண்டியவை. விழுந்தபின் ஒவ்வொரு முறையும் தானே எழ வேண்டும் என்ற பிடிவாதம் தோளைக் கெடுக்கும். தூக்கிவிடும் கையை ஏற்பது அந்தத் தோளுக்கு நல்லது.

மலைச்சரிவைத் தவிர இன்னொரு வழி சமவெளிச் சறுக்கு. நோர்வேக்காரர்களுக்கு இதுவே தேசிய வழக்கம். இலேசான சட்டகத்தில் அமர்ந்து, இரண்டு மெல்லிய ஸ்கீக்களின் மேல், கைக்கோல்களால் உந்திச் செல்வது. வயிற்றுத் தசை இல்லாதவர் முழங்கால் உயர்ந்து முதுகு சாய்ந்த இருக்கையில் அமர்கிறார். தசை உள்ளவர் மண்டியிட்ட நிலையில் முழு மேலுடலையும் வீசி உந்துகிறார். லிஃப்டும் உயரமும் பிடிக்காதவர்களுக்கு இது ஏற்றது. உழைப்பு அதிகம், ஆகவே உடற்பயிற்சியும் அதிகம். நோர்வேயில் 1970இல் திறக்கப்பட்ட பெய்டோஸ்டோலன் உடல்நல விளையாட்டு மையம் மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வகைப் பயிற்சிகளை மறுவாழ்வின் பகுதியாகவே தருகிறது. அதை நிறுவியவர் பார்வையற்ற இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டூர்டால்.

போட்டியில் இறங்க விரும்பும் இளையோர் அறிய வேண்டியது வகைப்பாடு. உட்கார்ந்து சறுக்குவோர் எல்டபிள்யூ 10 முதல் 12 வரையான வகைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். உட்கார் சமநிலை இல்லாதவர் 10இல், ஓரளவு உள்ளவர் 11இல், மேலுடல் முழுவதும் இயங்குபவரும் காலிழந்தவரும் 12இல். 2006 டூரின் பாராலிம்பிக் போட்டிகளிலிருந்து இம்மூன்று வகையினரும் ஒரே பிரிவில் ஒரே பதக்கங்களுக்குப் போட்டியிடுகின்றனர்; ஓடிய நேரத்தை அவரவர் வகைக்குரிய எண்ணால் பெருக்கி ஒப்பிடுவர். எடுத்துக்காட்டாக அந்த எண் 0.8 என்றால் 60 விநாடி 48 ஆகும். யாருடைய செயலிழப்பு எவ்வளவு என்ற விவாதம் இதில் முடிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வகைக்கும் மூன்றே பேர் போட்டியிட்டுப் பதக்கம் பெற்ற பழைய நிலையைவிட இது வெற்றிக்கு எடை கூட்டியிருக்கிறது.

தண்டுவடப் பாதிப்போடு பிறந்த ஜெர்மனியின் அன்னா ஷாஃபெல்ஹூபர், 2014 சோச்சி பாராலிம்பிக்கில் தம் பிரிவின் ஐந்து போட்டிகளிலும் தங்கம் வென்றார். நான்கு வயதில் தண்டுவட அழற்சியால் கால்கள் செயலிழந்த ஜப்பானின் மொமோகா முராஓகா, 2018 பியோங்சாங்கில் ஐந்து போட்டிகளில் ஐந்து பதக்கம் பெற்றார். இடையே டோக்கியோவில் சக்கர நாற்காலி ஓட்டத்திலும் பங்கேற்று, 2022 பெய்ஜிங்கில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். இம்மடல் சேரும் நாடுகளிலும் பெயர்கள் உண்டு. நோர்வேயின் யெஸ்பர் பெடர்சன் 2022இல் நான்கு தங்கம் வென்றவர். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் குன்ஸ், மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் சறுக்கக் கற்று, 2010 வான்கூவரில் நேரிறக்கத்தில் தங்கம் பெற்றார். கனடாவின் ஜோஷ் டூயெக் சாகசச் சறுக்குப் பயிற்றுநராக இருந்து 2004இல் தாவும்போது முதுகு முறிந்தவர். 2012இல் உட்கார் ஸ்கீயில் பனியில் பின்குட்டிக்கரணம் அடித்த முதல் மனிதரானார். இவர்களைப் பிள்ளைக்குக் காட்டலாம், அளவுகோலாக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஓர் எளிய சரிவில் இறங்கி வருவதே பெரும்பாலோருக்குப் போதிய இலக்கு.

தொடங்குவதற்கு முதல் வாயில் சிகிச்சை பெற்ற மறுவாழ்வு மையமே. சுவிட்சர்லாந்தில் நொட்வில் தண்டுவட மையம், நோர்வேயில் சுன்னாஸ் மருத்துவமனை போன்றவற்றின் இயன்முறை மருத்துவர்கள் இந்த விளையாட்டை அறிந்தவர்கள். கனடாவில் மாற்றுத்திறனாளர் பனிவிளையாட்டு அமைப்பின் கிளைகள் மாகாணங்கள்தோறும் பயிற்சி தருகின்றன. பதிவு செய்யும்போது காயத்தின் மட்டம், அது முழுமையானதா பகுதியானதா, உயரம், எடை, இடுப்பு அகலம், பிடிமானம், தசை இழுப்பு, மருந்துகள், முன்பு வந்த அழுத்தப்புண்கள் ஆகிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். புண்ணையும் சிறுநீர் ஏற்பாட்டையும் வெட்கத்தால் மறைப்பது பயிற்றுநரின் கண்ணைக் கட்டுவதாகும். கருவிகளுக்கு எடை வரம்பு உண்டு. அதையும் கேட்க வேண்டும். பேசத் தெரிந்த வயதுடையவரானால், படிவத்தை நிரப்புவதும் எந்தக் கருவி வேண்டும் என்று சொல்வதும் அவரே. தாயோ தந்தையோ அண்ணனோ அவருக்காகப் பதில் சொல்லும் வழக்கம் சரிவின் உச்சியில் உதவாது. அங்கே எப்போது நிற்க வேண்டும், எப்போது குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காற்று வீசாத, பனி மிதமாக இறுகிய காலை நல்லது. பனிக்கட்டி மூடிய சரிவில் அவுட்ரிகர் தாவும், புதுப்பனியில் புதையும். குடும்பத்தார் கீழே நின்று படம் பிடிப்பதோடு, சக்கர நாற்காலியை உலர்ந்த இடத்தில் வைத்திருப்பதும், மாற்றுக் காலுறை தயாராக வைப்பதும், மாலையில் தோல் பார்ப்பதும் அவர்கள் வேலை. வீட்டில் சறுக்கத் தெரிந்த தம்பியோ தங்கையோ இருந்தால், பள்ளியிடம் வார் பிடிக்கும் பயிற்சி பெறலாம். பிறகு பயிற்றுநர் இல்லாத நாளிலும் குடும்பமாக மலைக்குப் போக முடியும்.

சொந்தக் கருவி வாங்குவது குறித்துக் கடைசியாக. புதிய மோனோஸ்கீ பல ஆயிரம் டாலர் விலை. ஆஸ்திரியாவின் பிராஷ்பெர்கர், பிரான்சின் டெசியே போன்ற நிறுவனங்கள் உடலளவுக்கேற்பத் தயாரிக்கின்றன. பள்ளிகளின் வாடகைக் கருவிகளில் ஒரு பருவமாவது பழகி, எந்த உயரக் கூடு, எந்த விறைப்பு அதிர்வு தாங்கி தமக்கு ஒத்துவருகிறது என்று அறிந்த பின்னரே வாங்குவது அறிவுடைமை. காப்பீடும் சில அறக்கட்டளைகளும் உதவக்கூடும். விண்ணப்பத்துக்கு இயன்முறை மருத்துவரின் கடிதம் வேண்டியிருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்குச் சட்டகத்தை வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் மாற்றக்கூடிய வகையே வாங்கத் தக்கது. தெரிந்தவரிடமிருந்து பழைய கருவியை வாங்கினால், அதிர்வு தாங்கியையும் லிஃப்டுக்கான நெம்புகோலையும் பள்ளியின் தொழில்நுட்பர் ஒருவரிடம் காட்டிச் சோதித்த பின்பே பனிக்குக் கொண்டுபோக வேண்டும்.